குறிவிளக்கம் எங்கே நிற்க வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அறிவியல் வரைபடங்களைப் பைத்தான் என்னும் கணினி நிரல்மொழியில் வரைய உதவும் மேட்பிளாட்லிப் என்னும் திறமூல நிரல்நூலகத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைத் தொட்டிருந்தன. வரைபடத்தின் ஓரத்தில் சிறு பெட்டியாக நின்று, எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்கிறதே, அந்த லெஜண்ட்தான் அப்பொருள். அதைப் பயன்படுத்துவோர் படும் பாடும், அதை உருவாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கலும் உண்மையில் ஒன்றே என்பதால், இம்முறை அக்கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

லெஜண்ட் என்பதற்குத் தமிழில் பொருத்தமான சொல் எது? மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?
— பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

நான் ‘குறிவிளக்கம்’ என்று எழுதுகிறேன். நிலப்படத்தின் மூலையில் ஆறு, இருப்புப்பாதை, மாவட்ட எல்லை ஆகியவற்றின் குறியீடுகளை வரிசையாகக் காட்டும் பகுதியை மாணவர்கள் முன்பே அறிவார்கள். வரைபடத்திலும் அதன் வேலை அதுவே. லெஜண்ட் என்ற சொல்லின் இலத்தீன் வேர் ‘படிக்கப்பட வேண்டியது’ என்று பொருள்படும். குனுபிளாட் என்னும் பழைய வரைபட மென்பொருள் இதே பெட்டியைத் திறவுகோல் என்ற பொருளில் ‘கீ’ என்று அழைக்கிறது. அச்சொல்லும் எனக்குப் பிடித்ததே. குறிவிளக்கத்தின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பாகங்கள் உண்டு: இடப்புறம் ஒரு மாதிரிக் குறி, வலப்புறம் அதன் பெயர். கீழே வரும் பதில்களில் இவ்விரண்டு சொற்களையும் அடிக்கடி பயன்படுத்துவேன்.

வெப்பநிலை மாற மாற மின்தடை எப்படி மாறுகிறது என்று நான்கு உலோகக் கலவைகளுக்கு வரைகிறேன். தரவில் சிறு திருத்தம் செய்தாலும் குறிவிளக்கப் பெட்டி வேறு மூலைக்குத் தாவிவிடுகிறது. இலட்சக்கணக்கான புள்ளிகள் இருந்தால் படம் வருவதற்கே நெடுநேரம் ஆகிறது. பெட்டிக்கான இடத்தை நிரல் எவ்வாறு முடிவு செய்கிறது?
— இயற்பியல் ஆராய்ச்சி மாணவி, திருச்சிராப்பள்ளி

நீங்கள் இடம் எதையும் குறிப்பிடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 2017 ஜனவரியில் 2.0 பதிப்பு வெளிவரும் வரை, இடம் சொல்லப்படாத பெட்டி எப்போதும் வலது மேல் மூலையில் நின்றது. அங்கே தரவு இருந்தால் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். அப்பதிப்பிலிருந்து ‘பெஸ்ட்’ என்ற தெரிவு இயல்பாக்கப்பட்டது. அதாவது, இருப்பவற்றுள் நல்ல இடத்தை நிரலே தேடிக்கொள்ளும்.

தேடும் முறை எளிமையானது. நான்கு மூலைகள், நான்கு பக்கங்களின் நடுவிடங்கள், படத்தின் மையம் என ஒன்பது இடங்கள் உள்ளன. நிரலில் ஒன்று முதல் பத்து வரை எண்கள் இருக்கும். பத்தில் ‘வலம்’, ‘நடு வலம்’ என்னும் இரண்டும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன. பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு பெயர்களையும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் பெட்டியை வைத்துப் பார்த்து, அதற்குள் கோடுகளின் புள்ளிகள் எத்தனை விழுகின்றன, சிதறல் புள்ளிகள் எத்தனை விழுகின்றன, எத்தனை பட்டைகளோடு அது மோதுகிறது, எத்தனை கோடுகள் அதைக் குறுக்கே வெட்டுகின்றன என்று எண்ணிக் கூட்டுகிறது நிரல். அந்தக் கூட்டுத்தொகையே அவ்விடத்தின் ‘கேடு’. கேடு பூச்சியமாக உள்ள இடம் கிடைத்த உடனே தேடல் நின்றுவிடும். எங்குமே பூச்சியம் கிடைக்காவிட்டால், கேடு மிகக் குறைந்த இடம் தேர்ந்தெடுக்கப்படும். தேடல் வலது மேல் மூலையில்தான் தொடங்குகிறது என்பதால், அது காலியாக இருந்தால் பெட்டி அங்கேயே நிற்கும்.

இப்போது உங்கள் பெட்டி ஏன் தாவுகிறது என்பது விளங்கும். இரண்டு இடங்களின் கேடு ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது, நான்கு புள்ளிகள் நகர்ந்தாலே வெற்றி பெறும் இடம் மாறிவிடும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தக் கணக்கு புள்ளிகளை எண்ணுகிறதே தவிர, அவற்றின் பொருளை அறியாது. ஒரு கலவையை 10,000 புள்ளிகளில் அளந்து, மற்றொன்றை 20 புள்ளிகளில் மட்டும் அளந்திருந்தால், இரண்டும் திரையில் ஒரே அளவு தடிமனுள்ள கோடுகளாகத் தெரிந்தாலும், நிரலின் கணக்கில் முதல் கோட்டை மறைப்பது பெரிய கேடு, இரண்டாவதை மறைப்பது சிறிய கேடு. ஆகவே அரிதாக அளக்கப்பட்ட, ஒருவேளை அளப்பதற்கு மிகக் கடினமாக இருந்த, அந்தக் கோட்டின் மீதே பெட்டி போய் அமரக்கூடும்.

நேரம் ஆவதற்கும் இதுவே காரணம். எல்லாப் புள்ளிகளையும் ஒவ்வொரு பெட்டி இடத்தோடும் ஒப்பிட வேண்டும். அதுவும் படம் வரையப்படும் ஒவ்வொரு முறையும், திரையில் நீங்கள் படத்தை நகர்த்தும்போதும் பெரிதாக்கும்போதும், இந்தக் கணக்கு மீண்டும் நடக்கிறது. தரவை ஆராய்ந்து பார்க்கும் கட்டத்தில் ‘பெஸ்ட்’ பயனுள்ளது. ஆய்வேட்டுக்கோ இதழுக்கோ செல்லும் படத்தில் இடத்தை நீங்களே எழுதிவிடுங்கள். ஓர் இயலில் ஆறு படங்கள் இருந்து, ஆறிலும் பெட்டி வெவ்வேறு இடங்களில் நின்றால், படிப்பவரின் கண் ஒவ்வொரு முறையும் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பெட்டியைப் படத்துக்கு வெளியே வைக்க முயன்றேன். ஆங்கர் என்ற அளபுருவில், அதாவது நிரலுக்கு நாம் தரும் அமைப்பு மதிப்பில், கொடுக்கும் எண்களுக்கும் பெட்டி நிற்கும் இடத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. கோப்பாகச் சேமித்தால் பாதிப் பெட்டி வெட்டுப்பட்டுப் போகிறது.
— சுற்றுச்சூழல் பொறியாளர், கோயம்புத்தூர்

சுவரில் படம் மாட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணியை எங்கே அடிப்பது என்பது ஒரு முடிவு. மாட்டும் வளையத்தைச் சட்டத்தின் எந்த மூலையில் பொருத்துவது என்பது வேறொரு முடிவு. ஆங்கர் அளபுருவில் நீங்கள் தரும் இரண்டு எண்கள் ஆணியின் இடம். அச்சுகளுக்கு இடைப்பட்ட வரைபடப் பரப்பின் இடது கீழ் மூலை (0, 0) என்றும் வலது மேல் மூலை (1, 1) என்றும் கொண்டு அந்த எண்கள் அளக்கப்படுகின்றன. ‘லோக்’ அளபுரு வளையத்தின் இடம். ஆங்கர் இல்லாதபோது லோக் என்பது படத்தின் எந்த மூலை என்று பொருள்படும். ஆங்கர் வந்தவுடன் அதே லோக், பெட்டியின் எந்த மூலை என்று பொருள் மாறிவிடுகிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் ஏற்பட்டுவிட்ட இந்த வடிவமைப்பு சரியானதன்று என்பது என் கருத்து. ஆனால் எண்ணற்ற நிரல்கள் அதன்மேல் எழுதப்பட்டுவிட்டதால் இனி மாற்றுவது கடினம்.

ஆகவே படத்தின் வலப்பக்கத்துக்கு வெளியே, மேல் விளிம்போடு ஒட்டிப் பெட்டி நிற்க வேண்டுமென்றால், ஆணி (1.02, 1) இல் இருக்க வேண்டும். வளையம் பெட்டியின் இடது மேல் மூலையில், அதாவது ‘அப்பர் லெஃப்ட்’ என்று இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் நிற்கப்போகும் பெட்டிக்கு இடது என்று எழுதுவது முதலில் குழப்பும். ஆணியை நினைத்தால் குழப்பம் தீரும். இதற்குப் பிறகும் மேல் விளிம்பிலிருந்து பெட்டி சற்று இறங்கி நின்றால், ‘பார்டர் ஆக்ஸஸ் பேட்’ என்ற இடைவெளியைப் பூச்சியமாக்குங்கள். அதன் இயல்பு மதிப்பு 0.5. குறிவிளக்கத்தின் உள்ளும் புறமும் உள்ள இடைவெளிகள் எல்லாம் எழுத்தளவின் மடங்குகளாகவே அளக்கப்படுகின்றன. எழுத்தைப் பெரிதாக்கினால் அவையும் சேர்ந்து பெரிதாகும்.

வெட்டுப்படுவது தனிச் சிக்கல். படத்தாளின் அளவு முன்பே முடிவாகிவிடுகிறது. பெட்டி அதற்கு வெளியே போனால் நிரல் தானாகத் தாளை நீட்டாது. சேமிக்கும்போது ‘பிபாக்ஸ் இன்ச்சஸ்’ என்பதற்கு ‘டைட்’ என்று கொடுத்தால் எல்லாப் பொருள்களும் அடங்கும்படி தாள் திருத்தப்படும். ஆனால் படத்தின் அகலம் நீங்கள் கேட்ட அகலமாக இராது. இதழின் பத்தி அகலத்துக்கு ஏற்பப் படம் தர வேண்டியவருக்கு அது புதிய தொல்லை. 2023 பிப்ரவரியில் வந்த 3.7 பதிப்பு இதற்கு நல்ல வழி தந்தது. ‘கன்ஸ்ட்ரெய்ண்ட்’ என்னும் தளவமைப்பைத் தேர்ந்துகொண்டு, அச்சுகளின் குறிவிளக்கமாக அல்லாமல் முழுப் படத்தாளின் குறிவிளக்கமாக உருவாக்கி, இடத்தை ‘அவுட்சைட்’ என்ற சொல்லோடு தொடங்கினால், தாளின் அளவு மாறாமல் வரைபடப் பரப்பு சுருங்கிப் பெட்டிக்கு வழிவிடும். இங்கே சொல் வரிசையைக் கவனியுங்கள். ‘அவுட்சைட் ரைட் அப்பர்’ என்றால் பெட்டி வலப்பக்கத்தில் இடம் எடுத்துக்கொண்டு மேலே நிற்கும். ‘அவுட்சைட் அப்பர் ரைட்’ என்றால் மேற்பக்கத்தில் இடம் எடுத்துக்கொண்டு வலது ஓரத்தில் நிற்கும். முதலில் வரும் சொல்லே எந்தப் பக்கம் சுருங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது.

மிகப் பல புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் அவற்றை மிக மெல்லிய நிறத்தில் வரைகிறேன். குறிவிளக்கத்திலும் மாதிரிக் குறி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிந்துவிடுகிறது. இன்னொரு படத்தில் கோட்டின் நிறத்தைப் பின்னால் மாற்றினேன். குறிவிளக்கத்தில் பழைய நிறமே நிற்கிறது. இரண்டும் பிழைகளா?
— புள்ளியியல் ஆய்வாளர், சேலம்

இரண்டும் ஒரே வடிவமைப்பின் இரண்டு முகங்கள். குறிவிளக்கத்தில் நீங்கள் பார்க்கும் கோடும் புள்ளியும், படத்தில் உள்ள அதே கோடும் புள்ளியும் அல்ல. குறிவிளக்கம் கட்டப்படும்போது, படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளின் வகைக்கும் உரிய ‘ஹேண்ட்லர்’ என்னும் நிரற்பகுதி அழைக்கப்படுகிறது. கோட்டுக்கு ஒன்று, பட்டைக்கு ஒன்று, சிதறல் புள்ளித் தொகுதிக்கு ஒன்று, பிழைக்கோடுகளுக்கு ஒன்று எனத் தனித்தனி ஹேண்ட்லர்கள் உள்ளன. ஹேண்ட்லர் அந்தப் பொருளின் நிறம், தடிமன், ஒளிபுகும் தன்மை ஆகியவற்றைப் படித்து, அதே தோற்றமுள்ள புதிய சிறு பொருள் ஒன்றைச் செய்து பெட்டிக்குள் வைக்கிறது. இது படியெடுத்தல். படியெடுத்த கணத்தில் மூலம் எப்படி இருந்ததோ அப்படியே மாதிரி இருக்கும். பின்னால் மூலத்தை மாற்றினால் படிக்குத் தெரியாது. ஆதலால் நிறத்தை மாற்றிய பிறகு குறிவிளக்கத்தை மறுபடியும் உருவாக்குங்கள்.

மெல்லிய புள்ளிகளுக்கும் இதே அறிவு உதவுகிறது. படி தனிப் பொருள் என்பதால் அதை மட்டும் திருத்தலாம். குறிவிளக்கப் பொருளின் ‘லெஜண்ட் ஹேண்டில்ஸ்’ என்ற பட்டியலில் உள்ள ஒவ்வொரு மாதிரிக் குறிக்கும் ஒளிபுகும் அளவை 1 என்று மாற்றிவிட்டால், படத்தில் புள்ளிகள் மெலிந்தே இருக்க, பெட்டியில் மட்டும் திண்ணமாகத் தெரியும். புள்ளி மிகச் சிறிதாக இருந்தால் ‘மார்க்கர் ஸ்கேல்’ மூலம் மாதிரியை மட்டும் பெரிதாக்கலாம். அந்தப் பட்டியலின் பெயர் 3.7 பதிப்புக்கு முன் வேறு விதமாக எழுதப்பட்டது என்பதால், பழைய நிரல்களிலிருந்து எடுத்த வரிகள் இன்று இயங்காமல் போகலாம்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, அது திறந்திருக்கும் விதம். உங்கள் துறைக்கே உரிய ஒரு வரைபொருளை நீங்கள் உருவாக்கினால், அதற்கான ஹேண்ட்லரையும் நீங்களே எழுதி, எந்த வகைக்கு எந்த ஹேண்ட்லர் என்று சொல்லும் அட்டவணையில் சேர்த்துவிடலாம். நூலகத்தின் ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை. இரண்டு பொருள்களை ஒரே வரியில் காட்ட வேண்டுமானால், உதாரணமாக ஒரு கோட்டையும் அதைச் சுற்றியுள்ள நிழல் பட்டையையும் ஒரே பெயரின் கீழ் காட்ட வேண்டுமானால், இரண்டையும் ஓர் இணையாகக் கொடுத்தால் போதும். அதற்கான ஹேண்ட்லர் முன்பே இருக்கிறது.

குறிவிளக்கத்தில் தமிழில் எழுத முடியுமா? முதலில் கட்டங்களாக வந்தது. எழுத்துருவை மாற்றிய பிறகு எழுத்துகள் வந்தன, ஆனால் கொம்புகள் இடம் மாறி நிற்கின்றன.
— வேளாண் பட்டப்படிப்பு மாணவர், தேனி

இக்கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத வேண்டும் என்று நினைத்தேன். இதில் இரண்டு தடைகள் உள்ளன. முதல் தடையை நீங்கள் கடந்துவிட்டீர்கள். மேட்பிளாட்லிப் தன்னோடு கொண்டுவரும் டேஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதனால்தான் கட்டங்கள் வந்தன. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைச் சுட்டிக்காட்டினால் அவை மறையும். 2022 இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து எழுத்துருக்களைப் பட்டியலாகவே தரலாம். முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்தை நிரல் அடுத்ததில் தேடும். ஆகவே எண்களும் அறிவியல் குறிகளும் ஓர் எழுத்துருவிலிருந்தும், தமிழ்ப் பெயர்கள் மற்றொன்றிலிருந்தும் வரச்செய்யலாம்.

இரண்டாம் தடை ஆழமானது. ஒருங்குறியில் ‘வெ’ என்பது முதலில் வகரம், பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு வகரத்துக்கு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தையும், ‘மு’, ‘கு’ போன்று உருவமே மாறும் எழுத்துகளையும் எழுத்துருவிலுள்ள விதிகளைப் படித்துச் சரிசெய்யும் வேலைக்கு எழுத்து வடிவாக்கம் என்று பெயர். உலாவிகளும் சொற்செயலிகளும் அதைச் செய்கின்றன. மேட்பிளாட்லிப்பின் 3.10 வரையிலான பதிப்புகள் அதைச் செய்வதில்லை. எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடுகின்றன. எனவே ‘மழைப்பொழிவு’ என்று பெயர் கொடுத்தால் இணைக்கொம்பு ழகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘பொ’ சிதையும், ‘வு’ பிரிந்து தெரியும். மழைப்பொழிவைப் பற்றிய படத்தில் மழைப்பொழிவு என்ற சொல்லையே படிக்க முடியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வழிகள் இருக்கின்றன. முதலாவது, படத்தை உலாவியில் திறக்கக்கூடிய எஸ்விஜி என்னும் படக் கோப்பாகச் சேமித்து, ‘எஸ்விஜி ஃபாண்ட் டைப்’ என்ற அமைப்பை ‘நன்’ என்று வையுங்கள். அப்போது எழுத்துகள் வடிவங்களாக வரையப்படாமல் எழுத்துகளாகவே கோப்பில் எழுதப்படும். அதை உலாவியில் திறந்தால் உலாவி அவற்றைச் சரியாக வடிவமைத்துவிடும். பெட்டியின் அகலம் மட்டும் மேட்பிளாட்லிப் அளந்த தவறான எழுத்து அகலத்தின்படி இருக்கும் என்பதால், பெயர் சில வேளைகளில் பெட்டியை நிறைக்காமலோ சற்று மீறியோ நிற்கலாம். இரண்டாவது, பிஜிஎஃப் என்னும் வெளியீட்டு வழியைத் தேர்ந்து, லாடெக் என்னும் ஆவண அச்சுக்கோப்பு மென்பொருளின் ஒரு வகையான ஜீலாடெக் கொண்டு எழுத்துகளை அமைப்பது. இதில் எழுத்தை அளப்பதும் ஜீலாடெக்கே என்பதால் பெட்டியும் சரியான அளவில் வரும். ஆய்வேட்டை லாடெக்கில் எழுதுவோருக்கு இதுவே சிறந்தது. மூன்றாவது, எம்பிஎல்கெய்ரோ என்ற தனி வெளியீட்டுத் தொகுப்பு. அது ராக்ம் என்னும் நிரல்நூலகத்தைக் கொண்டு சிக்கலான எழுத்துமுறைகளை வடிவமைக்கிறது.

எந்த வழியில் சென்றாலும், கணினியில் பார்த்ததோடு நில்லாமல், அச்சுக்கு அனுப்பும் கோப்பையே திறந்து ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

குறிவிளக்கம் இல்லாமலே படம் வரைவது தவறா?
— கல்லூரி விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

தவறில்லை. மூன்று நான்கு கோடுகள் வலது ஓரத்தில் தெளிவாகப் பிரிந்து முடிந்தால், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அதன் பெயரை அதே நிறத்தில் எழுதிவிடுவது பெட்டியைவிட நல்லது. கண் பெட்டிக்கும் கோட்டுக்கும் மாறிமாறிப் போக வேண்டியதில்லை. நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களுக்கும் அது உதவும். பெட்டி வைத்தே ஆக வேண்டுமென்றால், நிறத்தை மட்டும் நம்பாமல் கோட்டின் வகையையும் புள்ளியின் உருவத்தையும் மாற்றுங்கள். மாதிரிக் குறியின் நீளம் இயல்பாக எழுத்தளவின் இரு மடங்கே. புள்ளிக்கோட்டுக்கும் கீற்றுக்கோட்டுக்கும் வேறுபாடு தெரிய அது போதாது. அதை மூன்றோ நான்கோ ஆக்குங்கள்.

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மேட்பிளாட்லிப்பின் குறிவிளக்கத்தில் ஒரு புதிய வசதியைச் சேர்த்து அதன் வளர்ச்சியில் பங்கேற்க விரும்புகிறேன். பெயர்கள் பல பத்திகளில் வரும்போது அவை மேலிருந்து கீழாக நிரம்புகின்றன. இடமிருந்து வலமாக நிரம்ப ஒரு வழி வேண்டும் என்பது என் எண்ணம். எப்படித் தொடங்குவது?
— மாணவர், மதுரை

நல்ல எண்ணம். இந்தக் குறை உங்களுக்கு மட்டும் தோன்றியதன்று. ஐந்து பெயர்களை இரண்டு பத்திகளில் வைத்தால் முதல் பத்தியில் மூன்றும் அடுத்ததில் இரண்டும் மேலிருந்து கீழாக நிற்கும். வரிசையாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது இடறுகிறது. ஆகவே முதல் வேலை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இத்திட்டத்தின் பக்கத்தில் இதே வேண்டுகோளை முன்பு யார் எழுதினார்கள், என்ன பேசினார்கள், ஏன் நின்றது என்று முழுமையாகப் படிப்பது. நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் இதற்குச் செலவானாலும் அது வீணன்று. முந்தைய உரையாடல்களைப் படிக்காமல் நிரலை எழுதிக்கொண்டு வருபவருக்கு, அங்கே ஏற்கெனவே விடை காணப்பட்ட கேள்விகளே மறுபடியும் கேட்கப்படும்.

அடுத்து, நிரலைப் படியுங்கள். குறிவிளக்கத்தின் பெரும்பகுதி ஒரே கோப்பில் உள்ளது. ஹேண்ட்லர்கள் இன்னொரு கோப்பில், சோதனைகள் மூன்றாவதில். பெட்டி எவ்வாறு கட்டப்படுகிறது என்பதைத் தாளில் வரைந்து பாருங்கள்: மாதிரிக் குறியும் பெயரும் கிடைமட்டமாக அடுக்கப்பட்டு ஒரு வரியாகின்றன. வரிகள் செங்குத்தாக அடுக்கப்பட்டு ஒரு பத்தியாகின்றன. பத்திகள் மறுபடியும் கிடைமட்டமாக அடுக்கப்பட்டு, மேலே தலைப்பு சேர்ந்து, பெட்டியாகிறது. உங்கள் எண்ணத்தைத் தொடும் இடம் எது என்பது இப்போது தெரியும். பத்திகளாகப் பிரிக்கும் அந்த ஓர் இடத்தில் பெயர்களின் வரிசையைக் கலைத்து அடுக்கினால் போதும்.

நிரல் சிறியது. பெயரிடுவதுதான் பெரிய வேலை. உங்கள் வசதிக்கு எந்தச் சொல்லை அளபுருவாக வைப்பீர்கள்? ‘ஆம், இல்லை’ என்று இரண்டு மதிப்புகள் மட்டும் கொள்ளும் அளபுரு வேண்டுமா, நாளை மூன்றாவது வரிசைமுறை வந்தால் அதற்கும் இடம் கொடுக்கும் சொல் வேண்டுமா? 3.7 பதிப்பில் பெயர்களைத் தலைகீழ் வரிசையில் காட்ட ‘ரிவர்ஸ்’ என்ற அளபுரு சேர்ந்தது. அடுக்குப் பரப்புப் படங்களில் மேலே உள்ள பரப்பு குறிவிளக்கத்தில் கீழே வருவதைச் சரிசெய்ய அது மிகவும் பயன்படுகிறது. இயங்கும் நிரல் சில வரிகளே. ஆனால் உங்கள் புதிய அளபுருவோடு அதுவும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? முதலில் தலைகீழாக்கிப் பிறகு வரிசையாக அடுக்குவதா, அடுக்கிய பிறகு தலைகீழாக்குவதா? இரண்டின் விளைவும் வேறு. உங்கள் நிரலைச் சரிபார்க்கும் திறனாய்வாளர் இதைக் கேட்பதற்கு முன் நீங்களே இதற்கு விடை வைத்திருக்க வேண்டும்.

ஒரு பெயரை வைத்துவிட்டால் அது நெடுங்காலம் நிலைக்கும். பத்திகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளபுரு முதலில் ஒருமையில் ‘என்கால்’ என்று இருந்தது. நூலகத்தின் மற்ற பகுதிகளோடு ஒத்துப்போகும்படி 3.6 பதிப்பில் ‘என்கால்ஸ்’ ஆனது. ஓர் எழுத்து மாற்றம்தான். எனினும் பழைய பெயரை நீக்காமல் இன்றும் ஏற்கிறார்கள். இத்திட்டத்தில் பழைய நடத்தை எதையாவது நீக்குவதானால், குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு எச்சரிக்கை தந்த பிறகே நீக்குவது வழக்கம். உலகில் எங்கோ ஓர் ஆய்வகத்தில் யாரோ எழுதி மறந்த நிரல் ஒன்று நாளையும் அதே படத்தை வரைய வேண்டும் என்ற அக்கறை அந்த விதியில் இருக்கிறது. தொடக்கத்தில் இவ்விதி உங்கள் கையைக் கட்டுவதுபோல் தோன்றலாம். உங்கள் ஆய்வு நிரல் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இயங்கும்போது அதன் அருமை புரியும்.

சோதனைகளைப் பற்றி ஒரு சொல். வரையப்பட்ட படத்தை முன்பே ஏற்கப்பட்ட படத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டை அளக்கும் சோதனைகள் இங்கே உண்டு. புதியவர்கள் உடனே அத்தகைய சோதனையை எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு மூலப்படமும் நிரல் சேமிக்கப்படும் களஞ்சியத்தின் எடையை என்றென்றைக்கும் கூட்டும் என்பதால், படம் இல்லாமலே சோதிக்க முடிந்தால் அதுவே விரும்பப்படுகிறது. உங்கள் வசதிக்கு, பெட்டிக்குள் பெயர்கள் எந்த வரிசையில் அமைந்தன என்று படித்துச் சரிபார்த்தாலே போதும். அல்லது பெயர்களைக் கையால் மாற்றியடுக்கி வரைந்த படமும், புதிய அளபுருவால் வரைந்த படமும் ஒன்றே என்று காட்டலாம். அதற்கென்று ஒரு சோதனைக் கருவி அங்கேயே உள்ளது. இவற்றோடு ஆவண விளக்கமும், புதிய பதிப்பில் என்ன வந்தது என்று சொல்லும் சிறு குறிப்பும் சேர வேண்டும். நிரலைவிட இவை நீளமாக இருந்தால் வியக்க வேண்டாம். பிறகு உங்கள் நிரலைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோளை இரண்டு திறனாய்வாளர்கள் ஏற்க வேண்டும். அவர்களில் பலர் தம் ஓய்வு நேரத்தில் இதைச் செய்பவர்கள். சில வாரங்கள் பதில் வராவிட்டால் மனம் தளராமல், பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள்.

இத்திட்டத்தைத் தொடங்கிய ஜான் ஹன்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையிலிருந்து பதிவான மின்குறிகளைத் திரையில் பார்க்க வேண்டிய தேவையே இதற்கு வித்து. 2003 இல் முதல் பதிப்பை வெளியிட்ட அவர், 2012 ஆகஸ்ட் 28 அன்று தம் 44ஆம் வயதில் காலமானார். தமக்கு வேண்டிய ஒரு கருவியைச் செய்து, அதை எல்லாருக்கும் கொடுத்தவர் அவர். உங்களுக்கு இடறிய ஒன்றைச் சரிசெய்யப் புறப்பட்டிருக்கிறீர்கள் என்பதால், நீங்களும் அதே இடத்தில்தான் தொடங்குகிறீர்கள். வேண்டுகோளை அனுப்பிய பிறகு எனக்கும் எழுதுங்கள். ஏற்கப்பட்டாலும் ஏற்கப்படாவிட்டாலும் அதில் கற்றதை இப்பகுதியில் வெளியிட விரும்புகிறேன்.

என் தரவு அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் தலைப்பு அடிக்கோட்டுக் குறியோடு (_) தொடங்குகிறது. படத்தில் அக்கோடு வருகிறது, குறிவிளக்கத்தில் மட்டும் அதன் பெயர் வருவதே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை.
— வானிலைத் தரவு ஆய்வாளர், சென்னை

அந்த அடிக்கோடே காரணம். நீங்கள் பெயர் கொடுக்காத பொருள்களுக்கு நூலகம் தானாகவே அடிக்கோட்டில் தொடங்கும் உட்பெயர்களை வைத்துக்கொள்கிறது. பெயரிடப்படாத கோடுகள் குறிவிளக்கத்தில் வந்து குவியாமல் இருக்க, அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள் அனைத்தும் விலக்கப்படுகின்றன. உங்கள் தலைப்பும் அந்த வலையில் சிக்கியிருக்கிறது. வரைவதற்கு முன் அட்டவணைத் தலைப்பிலிருந்து அடிக்கோட்டை நீக்குங்கள், அல்லது கோட்டுக்குத் தனியாகப் பெயர் கொடுங்கள். இதே விதியை உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். சராசரியைக் காட்டும் துணைக்கோடு போன்றவை படத்தில் இருந்தால் போதும், குறிவிளக்கத்தில் வேண்டாம் என்று நினைத்தால், அவற்றின் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு இடுங்கள்.